பஸ் டிக்கெட் செலவில் சாகசப் பயணம்!

சென்னையைச் சுற்றி நடந்தும் போகலாம், சைக்கிளிலும் போகலாம். திட்டம் போடுவது எப்படி?

சாகசப் பயணம் என்றால் என்ன? இமயமலை ஏறுவதா? பாலைவனத்தில் ஒட்டகத்தில் போவதா?

"அதுக்கெல்லாம் லீவு வேணும், காசு வேணும். நமக்கு எங்கே சார் முடியும்?" ஆபீஸ் முடிந்து மின்சார ரெயிலில் இடித்துப் பிடித்து வீட்டுக்குப் போகிறவரைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்.

இங்கிலாந்து நாட்டில் ஒருவர் இதற்கு வேறு பதில் சொன்னார். அவர் பெயர் அலஸ்டேர் ஹம்ப்ரீஸ். சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றியவர். 2001-ல் புறப்பட்டார். 2005-ல் வீடு திரும்பினார். 4 வருடம், 60 நாடுகள். மிதித்த தூரம் 46 ஆயிரம் மைல்!

இவ்வளவு தூரம் சுற்றிய மனிதர் அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டுப் பக்கத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

லண்டனைச் சுற்றி வளையம் போல ஒரு பெரிய சாலை ஓடுகிறது. எம்-25 என்று பெயர். நீளம் 117 மைல். கார்கள் பறக்கும் சாலை. "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று எல்லோரும் முகம் சுளிக்கும் இடம். அந்தச் சாலையை ஒட்டியுள்ள வயல், தோப்பு, கிராமம் வழியாக 2011-ம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு முழுச் சுற்று நடந்தே முடித்தார்.

இதற்கு 'மைக்ரோ அட்வெஞ்சர்' என்று பெயர் வைத்தார். நம் பாஷையில் சொன்னால் 'குட்டி சாகசம்'. 2014-ல் இதையே புத்தகமாகவும் எழுதினார்.

16 மணி நேரம்

அவர் சொன்ன கணக்கு ரொம்ப சுலபம். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை வேலை. அது 8 மணி நேரம். மாலை 5 முதல் மறுநாள் காலை 9 வரை 16 மணி நேரம். அது யாருடைய நேரம்? உங்களுடைய நேரம்! அதற்குள் கிளம்பி, ஒரு புது இடத்தைப் பார்த்து, மறுநாள் வேலைக்கும் வந்துவிடலாம் என்றார்.

இது நம்ம ஊருக்கு ஒத்து வருமா?

வரும். ஆனால் அப்படியே காப்பி அடித்தால் வராது. அங்கே குளிர். இங்கே வெயில். அங்கே நடப்பதற்கென்றே வயல் நடுவே பாதை உண்டு. இங்கே ரோட்டு ஓரத்தில் நடைபாதை இருக்கும், திடீரென்று காணாமல் போகும். அதனால் சென்னையில் இந்தப் பயணத்துக்கு முதல் தேவை பணம் அல்ல, பலம் அல்ல. திட்டம்!

திட்டம் போட்டால் 7 கிலோ மீட்டர் நடை மறக்க முடியாத பயணம் ஆகிவிடும். திட்டம் இல்லாவிட்டால் அதே 7 கிலோ மீட்டர் கால் வலியும் தலைவலியும்தான்.

5 விஷயம்

திட்டத்தில் பார்க்க வேண்டியது ஐந்தே ஐந்து.

முதலாவது கதை. வழியில் உள்ள எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படக்கூடாது. ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

இரண்டாவது, ஆரம்பமும் முடிவும். இரண்டும் ரெயில் நிலையமாகவோ பஸ் நிறுத்தமாகவோ இருக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி நடக்கச் சொன்னால் பாதிப் பேர் அடுத்த முறை வரமாட்டார்கள்.

மூன்றாவது நேரம். எந்த மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எது எப்போது மூடும், எந்த நாள் விடுமுறை என்று முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

நான்காவது தண்ணீர், டிபன், கழிவறை. இதில் கழிவறைதான் முக்கியம். பெண்கள் நடைப்பயணத்துக்கு வரத் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். "வழியில எங்கே போறது?" என்ற கேள்விக்கு பதில் இல்லாத திட்டம், ஆண்களுக்கு மட்டும் போட்ட திட்டம்.

ஐந்தாவது ஆபத்து. ரோட்டை எங்கே கடப்பது? எந்த இடத்தில் நடைபாதை அறுந்து போகிறது? கூட்டத்தில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் எங்கே ஆட்டோ கிடைக்கும்?

இந்த ஐந்தையும் வைத்து சென்னையில் எப்படிப் பயணம் அமைக்கலாம் என்று பார்க்கலாம்.

நாலு விளக்கு

சென்னைக்கு எத்தனை கலங்கரை விளக்கம்? "ஒண்ணுதான், மெரினாவில இருக்கு" என்பார்கள். தவறு. இதுவரை நாலு!

முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள் எரிந்தது. ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் எண்ணெய் விளக்கு வைத்து கப்பலுக்கு வழி காட்டினார்கள். அந்தக் கட்டிடம்தான் இன்றைய கோட்டை மியூசியம்.

இரண்டாவது 1844-ல் வந்தது. உயரமான கல் தூண். இன்றும் ஐகோர்ட்டு வளாகத்தில் நிற்கிறது. தினமும் அந்தப் பக்கம் போகிறவர்களில் பலருக்கு அது என்ன தூண் என்றே தெரியாது.

மூன்றாவது விளக்கு ஐகோர்ட்டின் தலையிலேயே இருந்தது! 1892-ல் கட்டி முடித்த சிவப்புக் கட்டிடத்தின் உயரமான கோபுரத்தில் 1894-ல் விளக்கு ஏற்றினார்கள். கீழே வழக்கு நடக்கும். மேலே விளக்கு எரியும். இப்படியே 80 வருடத்துக்கு மேல் நடந்தது.

நான்காவது 1977-ல் மெரினாவில் எழுந்த கலங்கரை விளக்கம். பாதுகாப்பு காரணத்தால் பல வருடம் மூடிக் கிடந்த இதன் மேல் மாடம், பொதுமக்களுக்காக 2013-ல் மறுபடி திறக்கப்பட்டது.

கதை கிடைத்துவிட்டது. இனி வழி.

3 மணிக்கு ஆரம்பம்

கடற்கரை ரெயில் நிலையத்தில் இறங்க வேண்டும். மார்கழி, தை மாதம் நல்லது. சனிக்கிழமை பிற்பகல் 3 மணி சரியான நேரம்.

ராஜாஜி சாலையில் தெற்கே நடந்தால் முதலில் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ். 1884-ல் திறந்த கட்டிடம். அடுத்து பாரிமுனை. அதை அடுத்து ஐகோர்ட்டு. வளாகத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. ஆனால் கல் தூணையும், கோபுர விளக்கையும் ரோட்டில் இருந்தே அண்ணாந்து பார்க்கலாம்.

இங்கே இன்னொரு விஷயம். "அவன் பெரிய எம்டன்பா" என்று சென்னையில் சொல்கிறார்களே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க் கப்பல். 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னை மீது குண்டு போட்டது. துறைமுகம் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஒரு குண்டு ஐகோர்ட்டு வளாகத்திலும் விழுந்தது. அதற்கு அடையாளமாக கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நின்று படித்துவிட்டுப் போகலாம்.

4 மணிக்குள் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். தலைமைச் செயலகம் உள்ள இடம் என்பதால் போலீஸ் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மியூசியத்தை மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மெரினா விளக்கத்துக்கு திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் கிளம்பினால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்!

4.45-க்கு கோட்டையை விட்டுக் கிளம்பினால் வெயில் தணிந்திருக்கும். அடுத்தது நேப்பியர் பாலம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சதுரங்கப் பலகை போல கறுப்பு வெள்ளை அடித்தார்களே, அதே பாலம்தான்.

அப்புறம் மெரினா. கடல் காற்று வரும். சுண்டல் கடை வரும். உட்கார இடம் உண்டு. வழியில் விவேகானந்தர் இல்லம். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேர்த்து வைக்க 1842-ல் கட்டியது. சுவாமி விவேகானந்தர் 1897-ல் இங்கே தங்கினார்.

6 மணி தாண்டி கலங்கரை விளக்கம் வந்து சேரும். மேலே ஏறும் நேரம் அப்போது முடிந்திருக்கும். அது தெரிந்துதான் இந்தத் திட்டம். மேலே ஏற ஆசைப்பட்டால் இன்னொரு நாள் வரலாம். இன்றைக்குப் பார்க்க வேண்டியது வேறு. இருட்டத் தொடங்கியதும் விளக்கு எரியும். கடலைப் பார்த்து மின்னும். அன்று பார்த்த நாலு விளக்கில் இன்னமும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். மூன்று மணி நேரம் கேட்ட கதைக்கு அதுதான் முடிவு!

மொத்த நடை சுமார் 7 கிலோ மீட்டர். கொஞ்ச தூரத்தில் கலங்கரை விளக்கம் பறக்கும் ரெயில் நிலையம். அங்கே ஏறினால் வீடு போய்ச் சேரலாம். ரெயில் டிக்கெட், மியூசியம் டிக்கெட், டீ, சுண்டல். செலவு அவ்வளவுதான்.

இதே வழியில் காலை 9 மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? மியூசியம் பார்த்துவிட்டு மெரினாவுக்கு வரும்போது உச்சி வெயில். கூட வந்தவர்கள் பாதியில் பஸ் ஏறிவிடுவார்கள். இடம் அதேதான், தூரமும் அதேதான். நேரம் மாறினால் பயணமே மாறிவிடும்.

ராத்திரி நடை

சென்னையில் இன்னொரு நடை உண்டு. ஊர் தூங்கும்போது நடக்கும் நடை. 16 மணி நேரக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஜனவரி முதல் சில மாதம் பங்குனி ஆமைகள் முட்டையிட சென்னைக் கடற்கரைக்கு வருகின்றன. ஒரு ஆமை ஏறத்தாழ 100 முட்டை இடும். மணலில் குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டு கடலுக்குப் போய்விடும். சுமார் 45 நாள் முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும்.

வந்தால்தானே? முட்டையை நாய் தோண்டித் தின்றுவிடும். அதில் தப்பினாலும் இன்னொரு கண்டம் இருக்கிறது. ஆமைக்குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். அந்தக் காலத்தில் இரவில் கடல் பக்கம்தான் வெளிச்சமாகத் தெரியும். இப்போது தெரு விளக்கு இருக்கிறது. குஞ்சு கடலுக்குப் போகாமல் ரோட்டுக்கு வந்துவிடும்!

இதைத் தடுக்க மாணவர்கள் சேர்ந்து 1988-ல் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். சீசனில் இரவுதோறும் நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோ மீட்டர் மணலில் நடக்கிறார்கள். ஆமை வந்து போன தடத்தைப் பார்த்து, முட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பத்திரமாக எடுத்து, பாதுகாப்புக் கூடத்தில் புதைக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம்.

சட்டம் கண்டிப்பு. டார்ச் அடிக்கக்கூடாது. பிளாஷ் போட்டு படம் எடுக்கக்கூடாது. கூச்சல் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும்.

பயணம் அமைக்கிறவர்கள் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. இங்கே வருகிறவர் வேடிக்கை பார்க்க வரவில்லை. நடப்பதே ஒரு வேலை. ஆமை கண்ணில் படாத ராத்திரிகள் பல. இருந்தாலும் மறுபடி வருகிறார்கள். தன் நடைக்கு ஒரு பலன் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் தூக்கத்தையும் விடத் தயார்!

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால் ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாது. மூழ்கிச் செத்துவிடும். அந்தச் செய்தியைப் பேப்பரில் படிப்பது வேறு. ராத்திரி 2 மணிக்கு மணலில் நேரில் பார்ப்பது வேறு.

அலை காட்டிய கோவில்

சைக்கிளுக்கு ஒரு வழி. இதற்கு சொந்த சைக்கிள் தேவை இல்லை.

சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்கு பஸ்சில் போக வேண்டும். அங்கே வாடகை சைக்கிள் கிடைக்கும். கடற்கரைக் கோவிலையும் ஐந்து ரதத்தையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இந்த முறை வண்டியை வடக்கே திருப்ப வேண்டும். சுமார் 5 கிலோ மீட்டர் மிதித்தால் சாளுவன்குப்பம். புலிக்குகை உள்ள ஊர்.

2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியை யாரும் மறக்க முடியாது. அலை வாரிக்கொண்டு போனது ஏராளம். சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையை மூடி இருந்த மணலையும் அது அள்ளிக்கொண்டு போனது. பாறையில் எழுத்து தெரிந்தது. இங்கே ஒரு முருகன் கோவில் இருந்தது என்பதற்கு அந்தக் கல்வெட்டு துப்புக் கொடுத்தது.

தொல்பொருள் துறையினர் 2005-ல் தோண்டினார்கள். பல்லவர் காலத்துக் கல் கட்டிடம் கிடைத்தது. அதற்கும் அடியில் செங்கல் கோவில்! தமிழ்நாட்டின் மிகப் பழைய முருகன் கோவில்களில் ஒன்று என்று சொல்கிறார்கள்.

போக 5, வர 5. மொத்தம் 10 கிலோ மீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மிதிக்கும் தூரம். காலை 6 மணிக்கு மாமல்லபுரத்தில் சைக்கிள் எடுத்தால் 9 மணிக்குள் முடித்துவிட்டு இட்லி சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கிழக்கு கடற்கரை சாலையையும் தொட்டுத்தான் போக வேண்டும். அங்கே கார்கள் வரும் வேகம் எல்லோருக்கும் தெரியும். ஓரத்தை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போக வேண்டும். பேசிக்கொண்டு ஜோடியாகப் போகக்கூடாது. இருட்டிய பிறகு போகவே கூடாது.

பணம் யாருக்கு?

ஏ.சி. பஸ்சில் வருகிறவர் இறங்குவார், படம் எடுப்பார், ஏறிப் போய்விடுவார். வழியில் உள்ள கடைக்காரருக்கு புகைதான் மிச்சம்.

நடந்து வருகிறவர் அப்படி இல்லை. தாகம் எடுக்கும், இளநீர் வாங்குவார். பசிக்கும், டிபன் சாப்பிடுவார். செருப்பு அறுந்தால் தைப்பதற்கு ஆளைத் தேடுவார். பஞ்சர் ஆனால் சைக்கிள் கடையில் நிற்பார். பத்து ரூபாய், இருபது ரூபாயாக பணம் தெருவிலேயே தங்கும்.

திட்டம் போடுகிறவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். பயணம் முடியும் இடத்தில் ஒரு நல்ல சின்ன ஓட்டல் இருக்கட்டும். "சனிக்கிழமை சாயங்காலம் 20 பேர் வருவோம்" என்று முன்பே சொல்லி வைக்கலாம். அடுத்த மாதம் அந்தக் கடைக்காரரே, "எப்ப சார் வர்றீங்க?" என்று கேட்பார்.

நடைபாதை எங்கே?

எல்லாத் திட்டமும் கடைசியில் வந்து நிற்பது நடைபாதையில்தான்.

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தருவோம் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையே வகுத்தது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். குழந்தையைக் கையில் பிடிக்காமல் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற நிலை அங்கே வந்தது.

மற்ற தெருக்களில்? நடைபாதை மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும். மின்சாரப் பெட்டி நிற்கும். சில இடத்தில் மூடி இல்லாத பள்ளம் இருக்கும். நடக்கிறவர் ரோட்டில் இறங்குவார். பின்னால் வண்டி வரும்.

காரில் போகிறவருக்கு இது தெரியாது. பஸ்சில் போகிறவருக்கும் தெரியாது. நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அதனால் பயணம் அமைக்கிறவர்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, கழிவறை எங்கே பூட்டிக் கிடக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று தேதி போட்டு எழுதி, வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கலாம். ஒருவர் போய்ச் சொன்னால், "பார்க்கிறோம்" என்பார்கள். மாதா மாதம் 20 பேர் அதே வழியில் நடந்து, அதே பள்ளத்தை எழுதிக் கொடுத்தால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஊரைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்த நடை, ஊரைச் சரி செய்யும் நடையாகவும் ஆகிவிடும்.

முதலில் நீங்கள்

கடைசியாக ஒன்று. மற்றவர்களைக் கூட்டிப் போவதற்கு முன்பு திட்டம் போட்டவர் அந்த வழியில் இரண்டு தடவை நடக்க வேண்டும். அதே கிழமை, அதே மணி. ஒரு தடவை தனியாக. இன்னொரு தடவை வீட்டில் உள்ள வயதானவர் ஒருவரோடு. அவர் எங்கே உட்கார இடம் தேடுகிறாரோ, அங்கே ஓய்வு. எங்கே ரோட்டைக் கடக்கப் பயப்படுகிறாரோ, அங்கே வழியை மாற்ற வேண்டும். அவர் கடைசி வரை நடந்துவிட்டால் யாரும் நடக்கலாம்.

லீவு போட வேண்டாம். சூட்கேஸ் வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி, தேய்ந்து போகாத செருப்பு போதும்.

வரும் சனிக்கிழமை 3 மணிக்கும் கடற்கரை நிலையத்தில் ரெயில் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் இறங்கலாம்!